வீட்டில் 512, தேர்வில் 339: நீட் மதிப்பெண்ணை நான் தப்பாகக் கணக்குப் போட்ட ஒரு வருடம்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அட்டையில், 2025 ஜனவரி மாதம் 512 என்று எழுதிச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் 720க்கு இவ்வளவு வரும் என்று, வீட்டில் எழுதிப் பார்த்த தேர்வுகளை வைத்து நானே போட்ட கணக்கு அது. தினமும் காலையில் டீ போடும்போது அம்மா அதைப் பார்ப்பார். ஜூன் 14ஆம் தேதி ரிசல்ட் வந்தபோது என் மதிப்பெண் 339. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். என்னைப் போல் கோச்சிங் போக வழியில்லாமல் வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஒருமுறை தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் யாரும் இல்லை.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுக்கப் போகிறார். நான் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அதனால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு எனக்கு உண்டு. ஊட்டியிலேயே 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால், வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்வரும் தூரத்தில் டாக்டருக்குப் படிக்கலாம் என்ற ஆசை எங்கள் லைனில் எனக்கு மட்டும் இல்லை, நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. 2024இல் பிளஸ் டூ முடித்த கையோடு முதல்முறை எழுதினேன். சரியாகத் தயாராகவில்லை, கிடைக்கவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. இன்னொரு வருடம் வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்று சொன்னபோது அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

இப்போது அந்த 512 எப்படி வந்தது என்று சொல்கிறேன். பழைய வினாத்தாள்களை எடுத்துவைத்து உயிரியல் 90 கேள்வியை ஒரு நாள் சாயங்காலம் போடுவேன். வேதியியல் மறுநாள். இயற்பியல் அதற்கடுத்த நாள். மூன்றையும் கூட்டி மொத்த மதிப்பெண் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் புது மூளையோடு உட்காருகிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. தேர்வு அறையில் இயற்பியலைத் தொடும்போது நாம் ஏற்கெனவே இரண்டு மணி நேரம் களைத்திருப்போம். விடையைக் கேள்வித்தாளிலேயே பென்சிலால் சுழித்துவிட்டு அடுத்ததற்குப் போவேன், விடைக்கான வட்டத்தைப் பேனாவால் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளே கிடையாது. நடுவில் அம்மா கூப்பிட்டால் எழுந்து போவேன், கரண்ட் போனால் கடிகாரத்தையும் நிறுத்திவைப்பேன். எல்லாவற்றையும்விட மோசமான பழக்கம் ஒன்று இருந்தது. திருத்தும்போது தப்பான விடையைப் பார்த்தால், "இது எனக்குத் தெரியும், அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டேன்" என்று நானே அதற்கு நாலு மார்க் போட்டுக்கொள்வேன். ஒரு தாளில் அப்படி ஐந்து கேள்வி என்றால், தப்புக்குக் கழிய வேண்டிய ஒரு மார்க்கும் சேர்ந்து 25 மார்க் கூடிவிடும். அவசரத்தில் விடுவதும் தேர்வில் நடக்கப்போகிற ஒன்றுதானே, அதையும் சேர்த்துத்தானே என் மதிப்பெண்!

இன்னொன்று, பலர் இதில் ஏமாந்திருப்பார்கள். 2021 முதல் 2024 வரை வினாத்தாளில் 200 கேள்விகள் இருக்கும், 180க்கு விடை எழுதினால் போதும். ஒவ்வொரு பாடத்தின் இரண்டாம் பிரிவிலும் 15இல் 10 எழுதலாம். கடைசி மூன்று வருடம் நேரமும் 200 நிமிடம். 2025 ஜனவரி 25ஆம் தேதி தேசியத் தேர்வு முகமை அந்த முறை கிடையாது என்று அறிவித்தது. பழையபடி 180 கேள்வி, 180 நிமிடம், சாய்ஸ் இல்லை. அறிவிப்பைப் படித்தேன், தெரிந்துகொண்டேன். ஆனால் அதுவரை போட்ட மதிப்பெண்கள் எல்லாமே சாய்ஸ் உள்ள தாளில் வந்தவை என்பதை யோசிக்கவே இல்லை. இயற்பியலில் வராத ஐந்து கணக்கைத் தாண்டிப் போக முன்பு அனுமதி இருந்தது. அந்த வசதியில் வந்த மதிப்பெண்ணை அப்படியே புது முறைக்கும் எடுத்துக்கொண்டேன். நீங்கள் அந்த நாலு வருடத் தாள்களைப் போட்டுப் பார்ப்பதாக இருந்தால், ஒவ்வொரு பிரிவிலும் விட்டுவிட்ட கேள்விகளையும் சேர்த்துப் போட்டு, அப்புறம் பாருங்கள். எனக்கு அப்படிப் போட்டபோது ஒரே தாளில் இயற்பியல் மதிப்பெண் கால்வாசி குறைந்தது.

ஏப்ரல் மாதம் ஒரே ஒருமுறை மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து முழுத் தாள் எழுதினேன். 421 வந்தது. அன்று எனக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது, அதனால்தான் என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டேன். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான எண் அதுதான். அதைத்தான் தூக்கிப் போட்டேன். காலண்டரில் 512ஐ மாற்றவும் இல்லை.

தேர்வு 2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் கோவையில் மையம். மே மாதம் என்றால் எங்கள் மலையில் சீசன். மேலே ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவதால், மேட்டுப்பாளையம் இறங்கும் சாலை எப்போது அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒன்றரை மணிக்கு மையத்தின் கேட்டை மூடிவிடுவார்கள். பயந்துகொண்டு முதல் நாளே அப்பாவும் நானும் இறங்கி, 1,400 ரூபாய்க்கு ஒரு அறை எடுத்துத் தங்கினோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை, நல்ல முடிவு அது. ஆனால் வெயிலை நினைத்துப் பார்க்கவில்லை. ஸ்வெட்டர் போட்டுப் படித்த கைக்குக் கோவையின் மே மாத மதியம் புதிது. விரல் வியர்த்து, தாளில் கை பட்ட இடமெல்லாம் ஈரம். கர்ச்சீஃபைத் தாளுக்கும் கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டே எழுதினேன்.

உள்ளே கைக்கடிகாரம் கூடாது. வீட்டில் நான் செல்போனில் டைமர் வைத்து, குனிந்தால் தெரிகிற மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவள். இங்கே சுவர்க் கடிகாரம் எனக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவே தயக்கமாக இருந்தது. முதலில் உயிரியலை எடுத்தேன். வீட்டில் 50 நிமிடத்தில் முடிப்பேன், அங்கே 65 நிமிடம் ஆனது. காரணம் தமிழும் ஆங்கிலமும். தமிழ் மீடியம் கேள்வித்தாளில் இரண்டு மொழியிலும் கேள்வி இருக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். 2018ஆம் வருடத் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்ததும், உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன 196 கருணை மதிப்பெண்ணை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் பொருத்துக, கூற்று–காரணம் கேள்விகளையெல்லாம் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை என்று படித்தேன். வீட்டில் பயிற்சி செய்ததோ தமிழ் மட்டும் உள்ள கைடில். அதாவது வாசிக்கும் நேரம் என் கணக்கிலேயே வரவில்லை. நடுவில் மேற்பார்வையாளர் மேடம் வந்து ஹால் டிக்கெட்டைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, விரல் ரேகை வைக்கச் சொன்னார். மையைத் துடைத்துவிட்டு மறுபடி கேள்விக்குள் போக எனக்கு நேரம் பிடித்தது.

வேதியியல் முடித்தபோது மணி நாலு ஐந்து. இயற்பியலில் 13 கணக்குதான் போட்டிருந்தேன், "இன்னும் அரை மணி நேரம்" என்று மேடம் சொன்னார். அப்போது வரைக்கும் ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வட்டம்கூட நான் நிரப்பவில்லை. எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்பது என் திட்டம். 131 விடைகள் கேள்வித்தாளில் கிடந்தன. நெஞ்சு அடித்துக்கொண்டது, கை வேகமாகப் போனது. வேதியியலில் ஒரு கேள்வியை விடை எழுதாமல் விட்டிருந்தேன். ஆனால் ஓ.எம்.ஆர். தாளில் அதன் வரிசையைத் தாண்டாமல், அடுத்த கேள்வியின் விடையை அங்கே நிரப்பிவிட்டேன். அப்படியே எட்டு வட்டம் ஒரு படி மேலே ஏறிப் போனது. கண்டுபிடித்தபோது எட்டும் கருப்பாகிவிட்டன. பால்பாயிண்ட் பேனா, அழிக்க முடியாது. சரியான வட்டத்தையும் சேர்த்து நிரப்பினால் இரண்டு விடை என்று அதுவும் தப்பாகும். ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த எட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நிமிடம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மீதி பன்னிரண்டு நிமிடத்தில் இயற்பியலில் 14 கேள்விக்குப் படிக்காமலே ஏதோ ஒரு வட்டத்தை நிரப்பினேன். மணி அடித்தது.

வெளியே வந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எவ்வளவு கண்ணு வரும்?" அன்று ராத்திரியே யூடியூபில் வந்த விடைக்குறிப்புகளை வைத்துக் கணக்குப் போட்டேன், 390 வந்தது. இந்த 390 ஏன் தப்பு என்பதை உடைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் தேர்வுக்கு முன்னால் போட்ட கணக்கைவிட இதுதான் எனக்கு அதிக நஷ்டம் வைத்தது. ஓ.எம்.ஆர். தாள் நம் கையில் இருக்காது, கேள்வித்தாள்தான் இருக்கும். நான் கேள்வித்தாளில் சுழித்ததை வைத்துத் திருத்தினேன். படி மாறிய எட்டு கேள்வியையும் சரியாக நிரப்பிய மாதிரியே எண்ணினேன். நடந்தது எனக்குத் தெரியும், ஆனால் மனசு ஒப்பவில்லை. அதில் போனது 21 மார்க். குருட்டாம்போக்கில் போட்ட 14இல் பாதி சரியாக இருக்கும் என்று 21 மார்க் வைத்தேன். உண்மையில் மூன்றுதான் சரி, பதினொன்று தப்பு, ஒரே ஒரு மார்க் மிஞ்சியது. அதில் 20. இரண்டு கேள்விக்கு ஒவ்வொரு விடைக்குறிப்பும் ஒவ்வொன்று சொன்னது. எனக்குச் சாதகமானதை எடுத்துக்கொண்டேன், அதில் 10. மொத்தம் 51. 390இல் 51 போனால் 339.

குருட்டு விடைக்குக் கணக்கு மிகச் சுலபம். நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், நாலு தடவையில் ஒருமுறை நாலு மார்க் வரும், மூன்று முறை ஒவ்வொன்று போகும். நாலு கேள்விக்குச் சேர்த்து ஒரு மார்க் மிச்சம். 14 கேள்விக்கு எதிர்பார்க்க வேண்டியது மூன்றரை மார்க், 21 இல்லை. இரண்டு விடையைத் தள்ளிவிட்டு மீதி இரண்டுக்குள் சந்தேகம் என்றால் மட்டும் ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை மார்க் வைக்கலாம். இதை அந்த ராத்திரி யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்!

அந்த 390ஐ நம்பி இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, கோவையில் கவுன்சலிங் ஆலோசனை தருகிற ஒருவரிடம் 5,000 ரூபாய் கட்டினோம். அவர் பழைய வருடங்களின் பட்டியலைக் காட்டி, இந்த மார்க்குக்கு உங்கள் ஒதுக்கீட்டில் இடம் உறுதி என்றார். ஒரு வருடத்து மார்க்கை இன்னொரு வருடத்து மார்க்கோடு வைத்துப் பார்க்கவே கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. 2024இல் இறுதிப் பட்டியலில் 17 பேர் முழு 720 வாங்கினார்கள். 2025இல் நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 162இலிருந்து 144க்கு இறங்கியது. தாள் கஷ்டமாக இருந்தால் மார்க் மொத்தமாகக் கீழே வரும், அதனால் தரவரிசைதான் பேசும். தேர்வு முடிந்த வாரத்தில் தரவரிசையை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது காரியம் இன்னும் பெரியது. அரசுக் கலைக் கல்லூரிக்கு மே மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நான் விண்ணப்பிக்கவில்லை. வேளாண் படிப்புக்கும் போடவில்லை. பக்கத்து லைனில் நர்ஸாக இருக்கிற அக்கா, "எதுக்கும் ஒண்ணு போட்டு வையேன் பாப்பா" என்று இரண்டு முறை சொன்னார். தேவையில்லை அக்கா என்று சொல்லிவிட்டேன். அவரிடம் நான் சொன்ன விதத்தை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. எந்த மார்க் வரும் என்று நினைத்தாலும் சரி, மே மாதத்தில் வருகிற விண்ணப்பம் எதையும் விடாதீர்கள்.

ஜூன் தொடக்கத்தில் தற்காலிக விடைக்குறிப்பும் ஸ்கேன் செய்த ஓ.எம்.ஆர். தாளும் இணையத்தில் வந்தன. செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். என் எட்டு வட்டங்கள் வரிசையாக அப்படியே இருந்தன. கடைசியில் நிரப்பிய இயற்பியல் வட்டங்கள் பாதி நிரம்பியும் பாதி வெளியே வழிந்தும் கிடந்தன, பார்த்தாலே அவசரம் தெரிந்தது. இரண்டு கேள்விக்கு ஆட்சேபம் தெரிவித்தேன், கேள்விக்கு 200 ரூபாய், திரும்ப வராத பணம். இரண்டும் ஏற்கப்படவில்லை. விடைக்குறிப்பு மாறுவதும் உண்டு. 2024இல் அணு பற்றிய இயற்பியல் கேள்வி ஒன்றுக்கு முதலில் வந்த ரிசல்ட்டில் இரண்டு விடைகளைச் சரி என்றார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களின் கருத்தைக் கேட்டு ஒன்றுதான் சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகு, மற்றதை எழுதிய நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மார்க் குறைந்தது. அதனால் சந்தேகக் கேள்வி எதுவானாலும் நமக்குப் பாதகமாகவே எண்ணி வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

விண்ணப்பக் கட்டணம் 1,600, ஆன்லைன் டெஸ்ட் சீரிஸ் 2,999, அறை 1,400, ஆலோசகர் 5,000, ஆட்சேபம் 400. பஸ், சாப்பாடு சேர்க்காமலே 11,399 ரூபாய். அம்மாவின் ஒரு மாத உழைப்பு அது. அதோடு ஒரு வருடம். ரிசல்ட் வந்த அன்று அம்மா எதுவும் சொல்லவில்லை, காலண்டர் அட்டையைத் திருப்பி மாட்டினார். அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

இப்போது மறுபடி படிக்கிறேன், கணக்குப் போடும் முறையை முழுசாக மாற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை, தேர்வு நடக்கும் அதே நேரம், ஒரே உட்காரல். கோத்தகிரியில் ஓ.எம்.ஆர். மாதிரித் தாளை நாற்பது ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். கருப்புப் பால்பாயிண்ட் பேனாதான், செல்போன் பக்கத்தில் கிடையாது, சுவர்க் கடிகாரத்துக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறேன். ஒரு வட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தேன். வட்டத்தை நிரப்ப நாலு விநாடி, வரிசை எண்ணைப் பார்த்து உறுதி செய்ய மூன்று விநாடி, ஆக ஏழு. மலையில் டிசம்பர், ஜனவரிக் காலையில் விரல் விறைத்துப் போனால் ஒன்பதுகூட ஆகிறது. 180 வட்டத்துக்கு 21 நிமிடம். கையெழுத்து, ரேகைக்கு நாலு நிமிடம். மீதி 155 நிமிடம்தான் படிக்கவும் யோசிக்கவும். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் இல்லை, ஏறக்குறைய 52 விநாடி. இது தெரிந்த பிறகுதான் இயற்பியலில் எந்தக் கணக்கைத் தொடக் கூடாது என்று முடிவெடுக்க வந்தது. கேள்வித்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை உடனே நிரப்பிவிடுகிறேன். வரிசை மாறினாலும் நாலைந்து கேள்விக்குள் தெரிந்துவிடும்.

கையெழுத்துக்காக அம்மாவையே பிடித்தேன். எழுத ஆரம்பித்து நாற்பது நிமிடத்தில் ஒருமுறை, அப்புறம் இன்னொருமுறை, பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரலால் கோட்டைத் தொட்டுக் காட்டுவார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சில வாரங்கள் அதற்கே ஒன்றரை நிமிடம் ஆனது, இப்போது இருபது விநாடி.

விடை எழுதும்போதே கேள்வித்தாளில் ஒரு குறி போடுகிறேன். உறுதி என்றால் டிக், இரண்டுக்குள் சந்தேகம் என்றால் கேள்விக்குறி, குருட்டு என்றால் பெருக்கல் குறி. திருத்துவது மறுநாள், ஓ.எம்.ஆர். தாளை மட்டும் பார்த்து. நான் உறுதி என்று குறித்ததில் பத்துக்கு ஒன்று தப்பாக இருக்கிறது. அது தெரிந்ததே பெரிய விஷயம், உயிரியலில்தான் அதிகம். கடைசி ஐந்து தாள்களில் மிக நல்லதை எடுத்துவிட்டு, மீதி நாலில் குறைந்ததையும் அதிகமானதையும் எழுதிவைக்கிறேன். ஒற்றை எண் எழுதுவதில்லை. காய்ச்சலோடு எழுதிய தாளையும் சேர்க்கிறேன்.

போன ஞாயிறு திருத்தி முடித்துவிட்டுக் காலண்டர் பக்கம் போனேன். அம்மா மாவு பிசைந்துகொண்டே, "இந்த வாரம் எவ்வளவு சாமி?" என்றார். 395க்கும் 430க்கும் நடுவில் என்றேன்.

"அப்ப 395ன்னே எழுது" என்றார்.